மேஸ்திரியும் மாஸ்டர் பிளானும்

சென்னையில் மேடவாக்கம் பக்கம் மனை பார்க்கப் போனவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாகியிருக்கும்: "இப்ப சந்து மாதிரிதான் சார் தெரியும். மாஸ்டர் பிளான்ல இது அறுபதடி ரோடு." நான் போனபோதும் தரகர் இதையேதான் சொன்னார். அவர் கைகாட்டிய இடத்தில் பன்னிரண்டடி மண்பாதை, பாதையோரம் ஒரு கிணறு, கிணற்றுச் சுவரில் காயப்போட்ட போர்வை. அறுபதடி எங்கே என்றேன். கைப்பேசியில் ஒரு வண்ணப்படத்தை விரித்துப் பெரிதாக்கினார். மஞ்சளுக்கு நடுவே ஒரு கோடு ஓடியது, கிணற்றின் மேலேயே.

மனை வாங்கவில்லை. ஆனால் 'மாஸ்டர் பிளான்' என்ற அந்தச் சொல் கூடவே வந்துவிட்டது.

'மாஸ்டர்' லத்தீன் 'மாகிஸ்தெர்' என்பதிலிருந்து வந்த சொல். 'கூடுதல்' என்ற பொருள் கொண்ட 'மாகிஸ்' அதற்கு அடி. இதே சொல் போர்த்துக்கீசியத்தில் 'மெஸ்த்ரெ' ஆகி, கப்பலேறி வந்து நம்மிடம் 'மேஸ்திரி' ஆனது. டீ மாஸ்டரும் கட்டட மேஸ்திரியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். வந்த வழிதான் வேறு. 'பிளான்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. லத்தீனில் 'பிளானுஸ்' என்றால் தட்டை. கட்டடத்தின் அடியைத் தட்டையான தாளில் வரைந்த படம் என்பதுதான் பழைய பொருள். 'இனிமேல் செய்யப்போவது' என்ற பொருள் அப்புறம் ஒட்டிக்கொண்டது. "பிளான் பாஸ் ஆயிடுச்சா?" என்று வீடு கட்டுகிறவரிடம் கேட்கிறோமே, அது அந்தப் பழைய பொருளில்தான். ஆக, வேர் பார்த்து மொழிபெயர்த்தால் மாஸ்டர் பிளான் என்பது 'மேஸ்திரி போட்ட படம்'.

நகரமைப்பில் வரும் 'மாஸ்டர்' ஆளைக் குறிப்பதில்லை. எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவியை மாஸ்டர் கீ என்கிறோமே, அந்த 'மாஸ்டர்'. தெருத்தெருவாக, துறைதுறையாகப் போடும் சின்னத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் ஒரு திட்டம். அமெரிக்காவில் 1928-இல் மாநிலங்களுக்காக வெளியிட்ட மாதிரி நகரமைப்புச் சட்டம் இந்தச் சொல்லைத்தான் எடுத்தாண்டது. பிற்பாடு அங்கேயே பல ஊர்கள் 'மாஸ்டர்' என்பதை விட்டுவிட்டு, 'எல்லாவற்றையும் உள்ளடக்கிய திட்டம்' என்ற பொருள் தரும் பெயருக்கு மாறின. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ச் சொல்லுக்கு வரும்போது வேண்டும்.

சென்னைக்கு இந்தச் சிந்தனை வந்த கதையில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்கூட வருகிறது. ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடஸ், நகரங்களைப் பற்றிய தமது கண்காட்சியை 1914-இல் இந்தியாவுக்கு அனுப்பினார். அதை ஏற்றி வந்த கப்பலை, அதற்குச் சில வாரங்களுக்கு முன் சென்னை மீது குண்டு போட்ட அதே எம்டன் மூழ்கடித்தது. நண்பர்களின் உதவியோடு மறுபடி படங்களும் வரைபடங்களும் சேர்த்து, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே காட்டினார். (அவரைத்தான் நம் ஊரில் 'எம்டன்' என்று சொல்லியிருக்க வேண்டும்.) அதன்பின் 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் இருந்த சொல் 'பிளான்' அல்ல, 'ஸ்கீம்'. பழைய பேட்டைகளில் பெரியவர்கள் இன்னும் 'ஸ்கீம் ரோடு' என்று சொல்வது அதன் மிச்சம்.

'மாஸ்டர் பிளான்' சட்டச் சொல்லாக நிலைத்தது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில். சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதைத் தமிழில் 'முழுமைத் திட்டம்' என்று எழுதுகிறது. 'மாஸ்டர்' என்பதற்கு 'முழுமை' எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்பதுண்டு. பொருந்தாதுதான். ஆனால் இங்கே சொல்லை மொழிபெயர்க்கவில்லை, வேலையை மொழிபெயர்த்திருக்கிறார்கள். அமெரிக்க ஊர்கள் பெயர் மாற்றிப் போய்ச் சேர்ந்த இடத்தில் தமிழ் நேராகவே போய் நின்றுவிட்டது. 'திட்டம்' என்பதிலும் ஒரு நயம் இருக்கிறது. "குழம்புல உப்பு திட்டமா இருக்கு" என்றால் அளவாக இருக்கிறது என்று பொருள். 'திட்டமாகத் தெரியும்' என்றால் உறுதியாகத் தெரியும். அளவும் உறுதியும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

சரி, எதை முழுமை என்கிறார்கள்? இருபது ஆண்டுகள் போல முன்னே பார்த்து, எந்த நிலத்தில் என்ன வரலாம், அங்கே மக்கள் எப்படிப் போய்வருவார்கள் என்ற இரண்டையும் ஒரே படத்தில் எழுத வேண்டும். முதலாவதற்குப் பெயர் நிலப் பயன்பாடு. படத்தில் மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழிற்சாலை, பச்சை என்றால் திறந்தவெளி, விவசாயம் என்கிற மாதிரி. இதைப் பட்டாவோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. பட்டாவில் 'புன்செய்' என்றிருப்பது வருவாய்த் துறையின் வகைப்பாடு. படத்தில் மஞ்சளாக இருப்பது நகரமைப்பின் வகைப்பாடு. ஒரே புல எண் (சர்வே நம்பர்) இரண்டிலும் இரண்டு விதமாக இருக்கலாம். பச்சையை மஞ்சளாக்கித் தரச் சொல்லி விண்ணப்பித்தால் அது 'நிலப் பயன்பாட்டு மாற்றம்'. நாளிதழின் உள்பக்கத்தில், கிராமத்தின் பெயரும் புல எண்ணுமாகப் பொடி எழுத்தில் வரும் அறிவிப்பு அதுதான்.

இரண்டாவது, போக்குவரத்து. வீடு எங்கே, வேலை எங்கே என்று முடிவு செய்த அந்த நிமிடமே எத்தனை பேர் எந்தச் சாலையில் காலை எட்டரை மணிக்கு நிற்பார்கள் என்பதும் முடிவாகிவிடுகிறது. 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்தன. பழைய மகாபலிபுரம் சாலையில் நேர் எதிர். ஐ.டி. கட்டடங்களும் அடுக்ககங்களும் முதலில் வந்துவிட்டன, மெட்ரோ தூண்கள் பின்னால் வந்தன. பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வரை மிச்சமிருந்த ஐந்து கிலோமீட்டர் ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

ஆனால் கிளாம்பாக்கம் இவை எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் அங்கே புறநகர்ப் பேருந்து முனையம் திறந்தது. தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்குகிறார்கள். சாலைக்கு மறுபுறம் மின்சார ரயில் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஏற முடியவில்லை, திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. முனையத்தைக் கட்டியது முழுமைத் திட்டம் தயாரிக்கும் அதே சி.எம்.டி.ஏ. 'மாஸ்டர் பிளான்' என்று சொன்னால் இதில் குறை ஒன்றும் தோன்றாது, மாஸ்டர் போட்டது அவ்வளவுதான். 'முழுமைத் திட்டம்' என்று சொல்லிப் பார்த்தால்தான் உறுத்துகிறது. எனக்கு இந்தத் தமிழ்ச் சொல் பிடித்ததற்கு அந்த உறுத்தல்தான் காரணம்.

இனி அந்த அறுபதடி. திட்டத்தில் கோடு போட்டால் மறுநாள் சாலை வந்துவிடாது. ஓரத்தில் உள்ளவர் கட்டட அனுமதி கேட்டு வரும்போது, கோட்டுக்குள் விழும் பகுதியைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அனுமதி கேட்காதவர் நிலம் அப்படியே இருக்கும். ஆகவே புறநகரில் இப்படிப்பட்ட சாலைகள் சீப்புப் பல் மாதிரி இருக்கும்: புது அடுக்ககத்தின் முன்னே அகலம், அடுத்த ஓட்டு வீட்டின் முன்னே குறுக்கம், மறுபடி அகலம். அந்தக் கிணற்றுக்காரர் வீடு கட்டும் எண்ணத்தில் இல்லை போலிருக்கிறது.

முதல் முழுமைத் திட்டம் 1970-களில் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில், 2026-ஐ இலக்காக வைத்து. அது 1,189 சதுர கிலோமீட்டருக்கானது. 2022-இல் பெருநகரப் பரப்பை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள்.

வேறு சொற்களும் புழங்குகின்றன. 'பெருந்திட்டம்' செய்திகளில் வருகிறது. காதுக்கு நன்றாக இருந்தாலும், பெரிய அணையோ பாலமோ கட்டும் திட்டத்தையும் அப்படிச் சொல்லலாம் என்பதால் குழப்பும். 'முதன்மைத் திட்டம்' என்றால் பலவற்றில் முதலாவது என்று ஆகிவிடும். 'மூலத் திட்டம்' எனக்கு ஒட்டவில்லை.

மறைமலை நகர் என்று ஒரு ஊர் இருக்கிறதே, சென்னையின் நெரிசலைக் குறைக்கத் துணைநகரமாகத் திட்டமிட்டு உருவாக்கிய ஊர் அது. வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டு, பல்லாவரத்தில் வாழ்ந்து, தனித்தமிழ் இயக்கம் நடத்திய அடிகளின் பெயர் அதற்கு. அங்கே மனை பார்க்கப் போனாலும் தரகர் 'மாஸ்டர் பிளான்' என்றுதான் சொல்வார். சொல்லட்டும், பேச்சுக்கு அது போதும். நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு ஆட்சேபணை மனு எழுதும்போது மட்டும் 'முழுமைத் திட்டம்' என்று எழுதி, பக்கத்திலேயே கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் குறிப்பிட்டுவிடுங்கள். புல எண் இல்லாவிட்டால் எந்த நிலம் என்று கேட்டு மனு திரும்பி வரும்.