வெற்று மாத்திரைக்கும் பக்கவிளைவு உண்டு

லண்டனில் இம்பீரியல் கல்லூரி மருத்துவர்கள் அறுபது பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு புட்டிகள் கொடுத்தார்கள். மாதத்துக்கு ஒரு புட்டி. நான்கில் அடோர்வாஸ்டாட்டின், அதாவது ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை, 20 மில்லிகிராம். நான்கில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மீதி நான்கும் காலிப் புட்டிகள். எந்த மாதம் எது என்பது ஆளுக்கு ஆள் மாறியது. காலிப் புட்டியைத் திறந்தால் தெரிந்துவிடும். மாத்திரை இருந்தால் அது மருந்தா, வெற்றா என்று தெரியாது.

இந்த அறுபது பேரும் சும்மா வந்து சேர்ந்தவர்கள் அல்லர். ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடத் தொடங்கி, இரண்டே வாரத்துக்குள் வந்த தசைவலி, அசதி போன்ற தொல்லைகள் தாங்காமல் நிறுத்தியவர்கள். உபாதை எவ்வளவு என்று தினமும் செல்பேசியில் 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும். இவ்வளவுதான் அவர்கள் வேலை.

2020 இறுதியில் முடிவு வெளியானது. ஸ்டாட்டின் மாதங்களில் சராசரி மதிப்பெண் 16.3. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. எதுவும் சாப்பிடாத மாதங்களில் 8.

இந்த ஆய்வின் சூட்சுமம் காலிப் புட்டியில் இருக்கிறது. வழக்கமான மருந்துச் சோதனைகளில் ஒரு பகுதியினருக்கு மருந்து, மறு பகுதியினருக்கு வெற்று மாத்திரை என்று கொடுத்து ஒப்பிடுவார்கள். அதே முறையை இங்கே கையாண்டிருந்தால், 16.3க்கும் 15.4க்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இவர்களுக்கு வலியே கற்பனை என்று சொல்லி முடித்திருப்பார்கள். காலி மாதங்களின் 8தான் அவர்கள் பொய் சொல்லவில்லை என்று காட்டுகிறது. மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் உடம்பு உண்மையாகவே இரு மடங்கு படுத்தியிருக்கிறது. ஆனால் அப்படிக் கூடிய தொல்லையில் 90 சதவீதம், உள்ளே மருந்து இல்லாத மாத்திரையிலும் வந்தது. தாங்க முடியாமல் மாத்திரையை நிறுத்தியபோதும் ஸ்டாட்டினுக்கும் வெற்று மாத்திரைக்கும் ஒரே வேகத்தில் குணம் தெரிந்தது.

நம்பிக்கையால் நோய் தணிவதைப் பிளாசிபோ என்பார்கள். கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே கெடுதலைக் கொண்டுவருவது அதன் மறுபக்கம். அதற்கு நோசிபோ என்று பெயர். 1961இல் புழக்கத்துக்கு வந்த சொல். லத்தீனில் 'நான் கெடுப்பேன்' என்று பொருள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பேய் இல்லை, வலி இருக்கிறது. இத்தாலியின் டூரின் நகரில் ஃபாப்ரிசியோ பெனடெட்டி குழுவினர் 1997இல் ஒரு சோதனை செய்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து லேசான வலியோடு இருந்தவர்களுக்கு வெறும் உப்புநீரை ஊசியில் ஏற்றி, 'இதனால் வலி கூடும்' என்று சொன்னார்கள். கூடியது. ஆனால் கோலிசிஸ்டோகினின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அப்படிக் கூடவில்லை. அச்சத்தை வலியாக மாற்றும் வேலையில் அந்த வேதிப்பொருளுக்குப் பங்கு இருக்கிறது என்று அர்த்தம். 2017இல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தார்கள். மருந்து இல்லாத ஒரு களிம்பைப் பூசி, வலியை அதிகமாக உணரவைப்பது இதன் பக்கவிளைவு என்றார்கள். விலை உயர்ந்தது என்று நம்பியவர்களுக்கு மலிவானது என்று நம்பியவர்களைவிட அதிகம் வலித்தது. அந்த வித்தியாசத்தின் தடயம் முதுகுத் தண்டுவடம் வரை தெரிந்தது. விலைச்சீட்டு முதுகெலும்புக்குள் இறங்குகிறது!

நோசிபோ வேலை செய்யும் இன்னொரு வழி எளிமையானது. தலைவலி, அசதி, தூக்கக் குறைவு எல்லாம் மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் அவ்வப்போது வந்துபோகும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளைப் படித்துவிட்டால், வழக்கமான கால்வலிக்கு ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. பிறகு அதையே கவனித்துக்கொண்டிருப்போம்.

ஒரு நாடே இப்படிக் கவனிக்கத் தொடங்கிய கதை நியூசிலாந்தில் நடந்தது. தைராய்டு குறைபாட்டுக்கான எல்ட்ராக்சின் மாத்திரையின் உற்பத்தி 2007 வாக்கில் கனடாவிலிருந்து ஜெர்மனிக்கு மாறியது. மருந்து அதேதான்; உடன் சேர்க்கும் பொருள்களும் நிறமும் மட்டும் மாறின. முப்பது ஆண்டுகளில் அந்த மாத்திரையைப் பற்றி வந்த பக்கவிளைவுப் புகார்கள் 14. மாற்றத்துக்குப் பிறகு, பதினெட்டு மாதங்களில் 1,400க்கு மேல். நாளேடுகளும் தொலைக்காட்சியும் அதிகம் பேசிய வட்டாரங்களில் புகார்களும் அதிகமாக இருந்தன.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பக்கவிளைவும் மனப்பிரமை என்று கிளம்பிவிடக் கூடாது. ஸ்டாட்டின் தசையைப் பாதிப்பது உண்டு. அரிதாகக் கடுமையாகவும் பாதிக்கும். கேள்வி, அது எத்தனை பேருக்கு என்பதுதான். சுமார் 1,24,000 பேர் பங்கேற்ற 19 சோதனைகளின் விவரங்களை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022இல் சேர்த்துப் பார்த்தார்கள். தசைத் தொல்லை சொன்னவர்கள் ஸ்டாட்டின் பிரிவில் 27.1 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 26.6 சதவீதம். அந்த இடைவெளிக்கு மட்டுமே மருந்து பொறுப்பு.

அப்படியானால் மருத்துவர் என்ன சொல்வது? மறைத்தால் ஏமாற்று, சொன்னால் வலி. '100 பேரில் 10 பேருக்குத் தலைசுற்றும்' என்பதை '90 பேருக்கு எதுவும் ஆகாது' என்று சொல்லலாம், கணக்கு மாறாது. லண்டன் மருத்துவர்கள் வேறொன்று செய்தார்கள். ஆய்வு முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் அவரவர் பன்னிரண்டு மாத மதிப்பெண்களையே வரைபடமாகக் காட்டினார்கள். எந்த மாதம் மருந்து, எந்த மாதம் வெற்று என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, அறுபதில் முப்பது பேர் மறுபடியும் ஸ்டாட்டின் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.