டி.டி.எஸ். மீட்டருக்குத் தெரியாத கிருமி

எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்களில் பலர் பழைய குளிர்பான பாட்டிலில்தான் தண்ணீர் பிடித்து வருவார்கள். அதை மேசைமேல் வைத்ததும் கேட்பது, “டி.டி.எஸ். எவ்வளவு இருக்கும் சார்?”

டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. நம் நாட்டின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது; வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை விட்டுக்கொடுக்கிறது. ஆனால் ஈ.கோலை என்று வந்துவிட்டால் அதே தரம் துளியும் இறங்கி வராது: 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. நீரில் மலம் கலந்ததற்கு அடையாளம் அந்தக் கிருமி. மீட்டர் 80 என்று காட்டும் தண்ணீரிலும் அது சுகமாக இருக்கும்.

சென்னைப் புறநகரில் ஒரு வீடு. ஏழு வயதுப் பையனுக்கு இரண்டு மாதத்தில் மூன்றாம் முறையாக வயிற்றுப்போக்கு. ஆர்.ஓ. இயந்திரத்தையே மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னை அழைத்தார்கள். மாதிரி எடுக்க நான் கொண்டுபோகும் கிருமிநீக்கிய பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு சிட்டிகைத் தூள் கிடக்கும். நீரிலுள்ள குளோரினை அங்கேயே முறிப்பதற்கான சோடியம் தயோசல்பேட் அது. அந்த வீட்டம்மா அதை அழுக்கு என்று நினைத்து அலசப் போக, நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

தெருக்குழாய், சம்ப், மாடித் தொட்டி, சமையலறைக் குழாய் என நான்கு மாதிரிகள் எடுத்தேன். முதற்கட்டச் சோதனைக்கு ஹைட்ரஜன் சல்பைடு புட்டிகள்; நீரில் மலம் கலந்திருந்தால் கறுத்துக் காட்டுபவை. மறுநாள் மாலை பார்த்தால் தெருக்குழாய்ப் புட்டி மட்டும் நிறம் மாறவில்லை. மற்ற மூன்றும் மைபோலக் கறுத்திருந்தன. வீதிவரை ஒழுங்காக வந்த தண்ணீர் வாசலைத் தாண்டியதும் கெட்டிருக்கிறது.

சம்ப் இருந்தது கார் நிறுத்தும் இடத்தில். மூடி தரையோடு தரையாக. தூக்குவதற்கு விரல் நுழையும் அளவில் இரண்டு துளைகள். தினமும் காலையில் அங்கேதான் கார் கழுவுவார்கள். நாய் படுப்பதும் அங்கேதான். கழுவிய தண்ணீர் அந்தத் துளைகளில் சுழித்துக்கொண்டு இறங்குவதை நின்று பார்த்தேன்.

“குடிப்பது ஆர்.ஓ. தண்ணீர்தானே?” என்றார் வீட்டுக்காரர். பையன் பல் தேய்ப்பதும் வாய் கொப்பளிப்பதும் எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன், பதில் இல்லை. இன்னொன்று: ஆர்.ஓ. இயந்திரத்தில் இருக்கும் கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடும். உள்ளே சேமிக்கும் நீருக்கு அதன்பின் காவல் கிடையாது. ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினால் அந்த நீரை முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும்.

சம்பைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, சேற்றை எடுத்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர். சேறு இருந்தால் குளோரின் அதற்கே செலவாகிவிடும். ஆழமான சம்பில் யாரும் தனியாக இறங்க வேண்டாம். 1000 லிட்டருக்கு 4 கிராம் தூளைப் பிளாஸ்டிக் வாளியில் குழைத்துக் கரைத்து, தெளிந்த பின் மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். தண்ணீர் நிரம்பும்போதே ஊற்றினால் நன்றாகக் கலக்கும். அரை மணி நேரம் தொடக் கூடாது. அதன்பின் குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். பிரித்துப் பல மாதமான பொட்டலம் வீரியம் இழந்திருக்கும். கழிப்பறை ஆசிட்டுடன் இந்தத் தூள் சேர்ந்தால் விஷவாயு வரும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழாயில் நீர் குறைந்த நேரத்தில் மோட்டார் இழுத்தால், எங்கேனும் விரிசல் இருக்கும் இடத்தில் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும். அது உங்கள் வீட்டோடு நிற்காது.

அந்த வீட்டில் சம்பின் வாயை அரையடி உயர்த்திக் கட்டி, விளிம்பை மூடி இறங்கும் மூடி போட்டார்கள். பிறகு எடுத்த மாதிரிகளில் எந்தப் புட்டியும் கறுக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டம்மா தொலைபேசியில் அழைத்து, தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். அடிக்கட்டும் என்றேன்.