போன வருடம் போட்ட தடுப்பூசி ஏன் போதவில்லை?

பலதுறை மருந்தகத்தில் சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த மூதாட்டி தம் மகளிடம், “போன வருஷந்தானே போட்டேன், மறுபடியும் எதுக்கும்மா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. விடை தேட நாம் அக்குள்வரை போகவேண்டும்.

மேற்கையில் செலுத்தப்படும் மருந்திலுள்ள வைரஸ் புரதங்களை, உடலின் காவலர்களான டெண்ட்ரைட்டிக் செல்கள் விழுங்கி, நிணநீர் வழியே அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே வெவ்வேறு வடிவ ஏற்பிகளை, அதாவது கிருமியின் புரதத்தைப் பற்றும் கொக்கிகளைத் தாங்கிய பி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுள் அந்தப் புரதத்தோடு பொருந்தும் மிகச் சில மட்டும், டி செல்கள் என்னும் வேறுவகை வெள்ளையணுக்களின் துணையோடு பல்கிப் பெருகுகின்றன. பெருகும்போதே அவற்றின் ஏற்பிக்குரிய மரபணுவில் சிறுசிறு மாற்றங்கள் நிகழ்கின்றன. முன்னைவிட இறுக்கமாகப் பற்றக்கூடியவை பிழைக்க, மற்றவை மடிகின்றன. சில வாரங்களே நீடிக்கும் இந்தக் கடுமையான தேர்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஊசி போட்ட சிலருக்கு அக்குளில் நெறி கட்டுவதும் இந்த வேலையின் அடையாளமே.

தேறிய செல்களில் சில எலும்பு மஜ்ஜையில் குடியேறி, கிருமியைப் பற்றி மடக்கும் புரதங்களான எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. வேறு சில நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகின்றன. காலப்போக்கில் எதிர்ப்பொருள்கள் குறைந்தாலும், கிருமி மீண்டும் வந்தால் நினைவுச் செல்கள் சில நாள்களில் அவற்றைப் புதிதாக உருவாக்கிவிடும்.

அந்தச் சில நாள்கள் கிடைக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டுவரும், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ், உடலில் நுழைந்து நோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 2, 3 மாதங்கள் எடுத்துக்கொள்ளும். நினைவுச் செல்கள் விழித்தெழ அது தாராளமான அவகாசம். சளிக்காய்ச்சல் வைரஸோ 1 முதல் 4 நாள்களுக்குள் ஆளைப் படுக்கவைத்துவிடும்; எதிர்ப்பொருள்கள் முன்கூட்டியே இரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அதை மடக்க முடியும். போதாக்குறைக்கு அது தன் மேற்பரப்புப் புரதங்களையும் ஓயாமல் மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு 2 முறை தடுப்பூசியின் சேர்க்கையைப் பரிசீலிக்கிறது.

குளிர்காலமே இல்லாத நம் தீவில் இந்தக் காய்ச்சல் ஆண்டு முழுவதும் பரவினாலும், ஆண்டின் நடுவிலும் இறுதியிலும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஊசிக்குப் பிறகு போதிய பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும் என்பதால், டிசம்பர் விடுமுறையில் பயணம் போகும் முதியவர்கள் நவம்பரிலேயே அதைப் போட்டுக்கொள்வது நல்லது.