ஃபுளோரிடா ஓடைகளில் புதைபடிவம் தேட அனுமதி எப்போது தேவை?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள கெய்ன்ஸ்வில் நகரில் குடியிருப்புகளுக்கு நடுவே ஓடும் ஹாக்டவுன் ஓடையிலும் அதன் கிளைகளிலும் பிள்ளைகளோடு இறங்கி, மணலைச் சல்லடையில் அரித்துச் சுறாப் பற்களைத் தேடுவது பல குடும்பங்களுக்குப் பிடித்தமான விடுமுறைப் பொழுதுபோக்கு. அப்பகுதி ஆழமில்லாத கடலாகக் கிடந்த மயோசீன் காலத்தில், அதாவது ஏறத்தாழ 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை படிந்த அடுக்குகளை இந்த ஓடைகள் அரித்துச் செல்வதால், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் சரளைக் கற்களிடையே புதிய பற்களும் எலும்புத் துண்டுகளும் வெளிவருகின்றன.

ஆனால் கிடைப்பதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஃபுளோரிடா சட்டப்படி, நீர்நிலைகளின் அடித்தளம் உட்பட மாநில அரசுக்குச் சொந்தமான நிலத்தில் கிடைக்கும் முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவங்கள் அனைத்தும் மாநிலத்தின் உடைமை. அவற்றை நிர்வகிக்கும் பொறுப்பு ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு உரியது. அவற்றைச் சேகரிக்க அந்த அருங்காட்சியகம் வழங்கும் ஓராண்டு அனுமதி வேண்டும். விண்ணப்பப் படிவம், புகைப்பட அடையாள அட்டையின் நகல், கட்டணம் ஆகியவற்றோடு ஆர்வமுள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை.

குடும்பங்களுக்கு மிகவும் பயன்படும் விதிவிலக்கு ஒன்று உண்டு. சுறாப் பற்கள், சிப்பி போன்ற முதுகெலும்பற்ற உயிரினங்களின் படிவங்கள், தாவரப் படிவங்கள் ஆகியவற்றுக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஆகவே எது சுறாப் பல் என்று அறிந்துகொள்வதே இங்கே முதல் பாடம். பளபளப்பான முனையும், அதன் அடியில் இரு பக்கமும் பிரிந்து நிற்கும் மங்கலான வேரும் இருந்தால் பெரும்பாலும் அது சுறாப் பல்தான். அடிப்புறத்தில் சீப்புப் பல் போன்ற வரிகளுள்ள தட்டையான துண்டு திருக்கையின் பற்தகடு. திருக்கை சுறாவுக்கு நெருங்கிய உறவு என்றாலும் விதிவிலக்கில் அதன் பெயர் இல்லை. உடைந்த இடத்திலும் துளைகளின்றிக் கல்லைப் போலக் கனக்கும் வளைந்த துண்டு, நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவின் அழிந்துபோன உறவினம் ஒன்றின் விலா எலும்பாக இருக்கலாம். அதற்கும் அனுமதி அவசியம். இப்படிப்பட்ட துண்டுகள் சல்லடையில் சிக்குவது அரிதல்ல என்பதால், சுறாப் பல்லுக்காக மட்டும் செல்பவர்களும் அனுமதி பெற்றுக்கொள்வதே நல்லது.

அனுமதி பெற்றவர் ஆண்டு முழுவதும் சேகரித்தவற்றின் பட்டியலை, கிடைத்த இட விவரத்துடன் அருங்காட்சியகத்துக்கு அனுப்ப வேண்டும். எனவே அன்றன்றே இடத்தைக் குறித்துவைப்பது உத்தமம். ஆண்டு முடிவில் எந்தத் துண்டு எந்த வளைவில் கிடைத்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. வழக்கத்துக்கு மாறான மாதிரியோ, படிவங்கள் செறிந்த இடமோ கண்ணில் பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும். அறிவியல் முக்கியத்துவம் உள்ளவற்றை அருங்காட்சியகம் கேட்டுப் பெறலாம். பட்டியல் கிடைத்த 60 நாட்களுக்குள் கேட்காதவை சேகரித்தவருக்கே உரியவை.

நகர ஓடை என்பதால் நிலம் யாருடையது என்ற கேள்வி அடிக்கடி எழும். ஒரே ஓடை பூங்காவுக்குள்ளும் வீடுகளின் பின்புறத்திலும் ஓடுகிறது. தனியார் நிலத்தில் அருங்காட்சியக அனுமதிக்குப் பதிலாக உரிமையாளரின் சம்மதம் தேவை. மாநிலப் பூங்காக்களில் இந்த அனுமதி செல்லாது. நகரப் பூங்காக்களுக்குத் தனி விதிகள் இருக்கலாம் என்பதால், இறங்குவதற்கு முன் அதன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழங்குடி மக்கள் செதுக்கிய கல் அம்பு முனைகளும் பானை ஓடுகளும் இதே சரளையில் கிடைப்பதுண்டு. அவை தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால் இந்த அனுமதி அவற்றுக்குப் பொருந்தாது. மாநில நிலத்தில் அவற்றைக் கண்டால் எடுக்காமல் இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.