பில் ஏன் படிக்கட்டாய் இறங்குகிறது?

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாரே, பழைய யூனிக்ஸ் சர்வரை மாத்தி லினக்ஸ் போட்டோம். அன்னையில இருந்து பில்லு சரிஞ்சு சரிஞ்சு வருது." யூனிக்ஸும் லினக்ஸும் கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள். அவர் அனுப்பிய பில் என் மேசையில் இருக்கிறது. ஷீட்டின் எடை இடது ஓரத்தில் தொடங்குகிறது. அந்த வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே ஒட்டுப்பால், அதாவது மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர். மொத்தத் தொகை வலது ஓரத்தில் போய் முட்டி நிற்கிறது.

சில நாள் பில்லே வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். அது எளிது. லினக்ஸில் அச்சு வரிசையைக் கவனிப்பது 1999-இல் வெளிவந்த கப்ஸ் (CUPS) என்ற மென்பொருள். ஒவ்வொரு வரிசைக்கும் அதில் இரண்டு சுவிட்ச்: வேலையை வாங்கிக்கொள்ள ஒன்று, பிரின்டருக்கு அனுப்ப இன்னொன்று. பிரின்டர் ஆஃபில் இருக்கும்போது பில் போட்டால் இரண்டாவது மட்டும் அணைந்துவிடக்கூடும். பில்கள் உள்ளே போகும், வெளியே வராது. எல்பிஸ்டாட் (lpstat) என்ற கமாண்ட் கொடுத்தால் நிலவரம் தெரியும். குவிந்ததை கேன்சல் செய்த பிறகுதான் அந்த இரண்டாவது சுவிட்சைப் போடும் கப்ஸ்எனேபிள் (cupsenable) கமாண்டைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அவசரத்தில் பத்து தடவை தட்டிய பில் பத்தும் வந்து விழும்.

படிக்கட்டு விஷயம்தான் அழகு. டைப்ரைட்டிங் லோயர் எழுதியவர்களுக்குக் கை மறந்திருக்காது: வரி முடிந்ததும் மணி அடிக்கும், இடது கையால் லீவரைத் தள்ளுவோம். அந்த ஒரு தள்ளில் நடப்பது இரண்டு வேலை. உருளை சுழன்று தாள் ஒரு வரி மேலே ஏறுகிறது. வண்டி தொடக்கத்துக்குத் திரும்புகிறது. தந்தி வழியாகத் தட்டச்சு செய்த டெலிடைப் இயந்திரங்களில் இந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. திரும்பு என்பதற்கு எண் 13, தாளை ஏற்று என்பதற்கு எண் 10. 1963-இல் வந்த டெலிடைப் 33 நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். அதன் தலை வலது ஓரத்திலிருந்து இடது ஓரம் வர ஓர் எழுத்தின் நேரம் போதாது. அதனால் 13-ஐ முதலில் அனுப்பி, தலை ஓடிவரும் நேரத்திலேயே 10-ஐ அனுப்பினார்கள். இரும்பின் வேகத்துக்கு எழுத்து காத்திருந்த அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்புதான்.

யூனிக்ஸ் உருவாக்கியவர்கள் கோப்பில் 10 மட்டும் போதும் என்று வைத்தார்கள். 13 தேவைப்படுகிற இடத்தில் நடுவில் இருப்பவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பழைய சர்வரில் அந்த நடுவாள் இன்டர்ஃபேஸ் ஸ்கிரிப்ட் என்னும், கமாண்டுகளை வரிசையாக எழுதி வைத்த சின்ன ஷெல் கோப்பு. பிரின்டருக்கு ஒன்றாக லோகத்தின் கண்ணில் படாமல் கிடந்திருக்கும். சர்வர் மாற்றியவர் கணக்குகளை எல்லாம் கொண்டுவந்தார்; அதைக் கொண்டுவரவில்லை. புது வரிசையை ரா முறையில் வைத்துவிட்டார். டாட் மேட்ரிக்ஸில் வேகமாக அடிக்க அதுதான் சரி, ஆனால் ரா வரிசை வந்ததை ஒரு பைட் மாற்றாமல் அப்படியே அனுப்பும். பிரின்டர் 10-ஐப் பார்க்கிறது, தாளை ஏற்றுகிறது. திரும்பச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தலை நின்ற இடத்திலேயே அடுத்த வரியைத் தொடங்குகிறது.

சர்வரை ராகு காலத்தில் மாற்றியதுதான் காரணம் என்று ஒருவர் சொல்ல, பிரின்டர் மேல் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்களாம். கடைக்காரர்மேல் எனக்கு வருத்தமில்லை. மாவட்டத்தில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. லேபுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கும் முன், ஒரு கோப்பை பைட் பைட்டாகத் திறந்து பார்க்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்பேன்.

நீங்களே பாருங்கள். பில் கோப்பை ஓடி (od) என்ற கமாண்டில், சி (-c) என்ற ஆப்ஷனோடு திறந்தால் வரி முடிவில் சாய்கோடும் என்-னும் (\n) மட்டும் தெரியும்; அதுதான் 10. அதற்கு முன்னால் 13-ஐக் காட்டும் சாய்கோடும் ஆர்-ரும் (\r) இருக்காது. பில் போடும் புரோகிராமுக்கும் அச்சுக்கு அனுப்பும் எல்பி (lp) கமாண்டுக்கும் நடுவில் யூனிக்ஸ்டுடாஸ் (unix2dos) கமாண்டை வையுங்கள், 13 சேர்ந்துவிடும். அதன்பிறகு ஒரு வரி விட்டு ஒரு வரி அச்சானால், பிரின்டரில் ஆட்டோ லைன் ஃபீட் ஆனில் இருக்கிறது. 13 வந்தவுடன் அதுவும் தன் பங்குக்குத் தாளை ஏற்றுகிறது. அதை ஆஃப் செய்துவிட்டு இன்னொரு பில் போட்டுப் பாருங்கள்.