கார்க் கதவின் தகரம் ஏன் அதிர்கிறது, அதை எப்படி அடக்குவது?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று உறுமிக்கொண்டு கடக்கும் நேரத்தில், சிறிய காரின் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தகரம் மெல்லத் துடிப்பது தோலுக்குத் தெரியும். அப்போது காதுக்கு வருவது லாரியின் ஒலி மட்டுமன்று. அந்த ஒலியால் அதிர்ந்த கதவு தானும் ஓர் ஒலிபெருக்கியாக மாறி உள்ளே எழுப்பும் ஒலியும் அதில் கலந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதை அறியாமல் கடைக்குப் போனால், பணமும் வண்டியின் எடையும் கூடும். இரைச்சல் அப்படியே இருக்கும்.

கதவின் வெளித்தகடு சுமார் 0.7 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு. ஓரங்களில் மடித்து இறுக்கப்பட்ட அதற்கு நடுவில் பெரிய பிடிமானம் இல்லாததால், அது பறைத்தோலைப் போல நடந்துகொள்கிறது. விரல் முட்டியால் தட்டினால் ‘டங்’ என்று நீளும். அந்த நடுப்பகுதியில் உள்ளங்கை அகல டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்கும் ஒட்டுத்தாள்) ஒன்றை ஒட்டிவிட்டு மறுபடியும் தட்டினால் ‘டொக்’ என்று உடனே அடங்கிவிடும்.

இந்த மாற்றம் எடையால் மட்டும் வருவதில்லை. டேம்பிங் ஷீட் என்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பரும், அதன் மேல் ஒட்டிய அலுமினியத் தாளும் சேர்ந்தது. எஃகு வளையும்போது அதனோடு ஒட்டிய ரப்பரின் அடிப்பக்கம் நீள முயல்கிறது; மேலே இருக்கும் அலுமினியமோ எளிதில் நீள மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை மிகச் சிறிய அளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஆகவே அலுமினியத் தாள் அலங்காரமன்று; அது இல்லாத ரப்பர் தாள் அதே கனத்தில் குறைவாகவே அடக்கும். தகட்டின் நடுவில் கால் பங்கு முதல் பாதி வரை ஒட்டினாலே பெரும்பயன் கிடைத்துவிடுவதும் இதனால்தான். கதவு முழுவதையும் வெள்ளித் தாளால் போர்த்தி அனுப்பும் கடைகள் கண்ணுக்கு வேலை செய்கின்றன என்பது என் எண்ணம்.

விலை குறைவு என்பதற்காகத் தார் ஷீட் வாங்குவோர் உண்டு. சித்திரை வெயிலில் தண்டையார்பேட்டைத் தெருவில் மரநிழலின்றி நிற்கும் வண்டியின் கூரையில் அது இளகும், நாறும், சில வேளை பிரிந்து தொங்கவும் செய்யும். நல்ல பியூட்டைல் சூட்டைத் தாங்கும் என்றாலும், அதன் அடக்கும் திறனும் வெப்பநிலையைப் பொறுத்து மாறுகிறது. 20 டிகிரி செல்சியஸில் அளந்த எண்ணை மட்டும் காட்டும் விளம்பரம் நம் ஊர்க் கூரைக்கு அதிகம் சொல்வதில்லை.

காற்றின் வழியே வரும் ஒலியைத் தடுப்பது வேறு கதை. அங்கே எடைதான் பேசும்; தடுப்பின் எடை இரட்டிப்பானால் உள்ளே வரும் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறையும் என்பது கோட்பாடு. எடை ஏற்றிய வினைல் விரிப்பு தரைக்குப் போடப்படுவது இதற்காகவே. ஆனால் தடுப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், 20 டெசிபலுக்கு மேல் பயன் கிடைக்காது. எனவே எதையும் வாங்குமுன் கதவின் ரப்பர் பீடிங்கைப் பார்க்க வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், அது தடையின்றி வரும் இடத்தில்தான் ஆரன் சத்தமும் நுழைகிறது.

மூன்றாவது வகை, நுண்துளைகள் கொண்ட ஃபோமும் ஃபெல்ட்டும். துளைகளுக்குள் காற்று உரசி ஒலி தேய்கிறது. ஆயினும் அலைநீளத்தின் கால் பங்கை ஒட்டிய கனம் இருந்தால்தான் அது நன்றாக உறிஞ்சும். 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அந்தக் கால் பங்கு எட்டரை சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் முழக்கத்துக்கோ 85 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஃபோமால் டீசல் எஞ்சினின் முழக்கம் போகாது. மேலும் வடசென்னையில் இதைத் தரையில் போடுவது விவேகமன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்த வண்டிகளில், கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறிய ஃபெல்ட் எப்படி நாறியது என்பது நனைந்தவர்களுக்குத் தெரியும். தரைக்கு நீர் புகாத, மூடிய குமிழ்களுடைய ஃபோமே உகந்தது.

ஒட்டும் வேலையில் பாதி, துடைக்கும் வேலை. காசிமேட்டுக் கடற்காற்றில் நிற்கும் வண்டியின் கதவுக்குள் உப்பும் தூசியும் படிந்திருக்கும். துரு இருந்தால் முதலில் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்துக் காயவிட்டு, பின்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே ஷீட்டை வைத்து, மேலுள்ள வரிப்பள்ளங்கள் மட்டமாகும் வரை ரோலரால் அழுத்த வேண்டும். கண்ணாடி இறங்கும் தடத்திலும், மஞ்சள் கனெக்டர் கொண்ட ஏர்பேக் வயர்களின் மேலும் எதையும் ஒட்டக் கூடாது.

கண்ணாடியோரம் வழியும் மழைநீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியிலுள்ள சிறு துளைகளால் வெளியேறும்படிதான் கதவு அமைக்கப்படுகிறது. என் வண்டிக்கு வேலை செய்த ஒரு கடையில் அத்துளைகளின் மேலேயே ஷீட்டை இழுத்து ஒட்டிவிட்டார்கள். ஐப்பசி மழைக்குப் பின் பிரேக் போடும்போதெல்லாம் கதவுக்குள் தண்ணீர் தளும்பியது; கழற்றிப் பார்த்தபோது அடிமடிப்பில் துரு பிடித்திருந்தது. இப்போதெல்லாம் கதவின் உட்புற மூடியான டோர் பேடை மாட்டுவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடியோரம் ஊற்றி, அது கீழே தரையில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் திருகாணியைத் தொடுகிறேன்.