சட்டப் பாதுகாவலர் நியமனம்: எங்கே வக்கீல் வேண்டும், எங்கே வேண்டாம்

பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால், அவருக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்து தானாகச் செல்லாது. அவர் சார்பில் முடிவெடுக்கவும் கையெழுத்திடவும் சட்டப் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இது பெரும்பாலும் வங்கியிலோ பாகப்பிரிவினையின்போதோதான் தெரியவருகிறது. உடனே வக்கீலைத் தேடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், பல குடும்பங்களுக்கு வக்கீலே தேவைப்படாது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பொருந்தும். இதில் பாதுகாவலரை நியமிப்பது நீதிமன்றம் அல்ல. மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய குழு. பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்துத் தொடங்குவது நல்லது.

பாதுகாவலர் தேவைதானா, எந்தெந்தக் காரியங்களுக்குத் தேவை என்று குழு பார்க்கும். அதனால் பொத்தாம்பொதுவாக எழுதாமல், வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், சொத்து என்று காரியத்தைச் சொல்லி எழுதுங்கள். நியமன ஆணை கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். சொத்தைக் கையாடினாலோ ஆளைக் கவனிக்காமல் விட்டாலோ பாதுகாவலரை நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

சரி, வக்கீல் எப்போது வேண்டும்? பெற்றோரை இழந்த சிறுவருக்கு உறவினர் பாதுகாவலராக வேண்டுமென்றால் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றம் போக வேண்டும். இந்துக் குடும்பத்தில் மைனர் பெயரில் உள்ள நிலத்தை விற்க, பெற்ற தகப்பனே ஆனாலும் நீதிமன்ற அனுமதி தேவை. கோமாவில் கிடப்பவருக்குப் பாதுகாவலராக, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அந்த நீதிமன்றத்தின் சிறப்பு அதிகாரத்தின் கீழ் ஆணை கேட்கும் மனு) போடுகிறார்கள். மனநோய் அந்த 1999 சட்டத்தில் வராது. அதற்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையை (குறிப்பிட்ட முடிவுக்கும் காலத்துக்கும் மட்டுமான பாதுகாவலர்) பார்க்க வேண்டும்.

வக்கீலிடம் முதலில் இதைக் கேளுங்கள்: எந்தச் சட்டத்தில், எந்த நீதிமன்றத்தில் மனுப் போடப்போகிறீர்கள்? அந்த நான்கு குறைபாடுகளில் ஒன்று இருந்தும் ஆட்சியர் குழுவைப் பற்றிப் பேச்சே எடுக்காதவரிடம் வக்காலத்தில் (உங்களுக்காக வழக்காட அவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்.

பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஆகவே தாய் மனுதாரராக இருந்தாலே தகுதி வந்துவிடும். நேரில் போகுமுன் விசாரிக்க 15100 என்ற எண் இருக்கிறது. ஆணைக்குழு அமர்த்திய வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஆணைக்குழுவிலேயே புகார் கொடுத்து வேறு வக்கீலைக் கேட்கலாம்.